பில்லில் வராத நீலம்

ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் அரசு அதிகாரி ஹோருர்ரேவுக்குப் பருவம் தப்பி ஒரு வேலை வந்தது. மூன்றாம் அமெனெம்ஹத் மன்னரின் ஆறாம் ஆட்சியாண்டு அது. சினாய் பாலையில் உள்ள செராபித் எல்-காதிம் மலைக்குப் போய் மன்னருக்குக் கல் வெட்டி வர வேண்டும். போய்ச் சேர்ந்தபோது கடுங்கோடை. மலை கொதித்தது, வெயிலில் தோல் பொசுங்கியது. அந்தச் சுரங்கத்தில் பழகியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். கல்லுக்கு இந்த மலையில் என்றைக்கும் பஞ்சமில்லை, இந்த வெயிலில் நிறம்தான் தேறாது என்றார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. ஹத்தோர் தெய்வத்தை நம்பி வேலையைத் தொடங்கி, ஓர் ஆளையும் இழக்காமல், நல்ல நிறக் கல்லோடு ஊர் திரும்பினார். பின்னால் இதேபோல் பருவம் தப்பி வந்து தவிக்கப்போகிறவர்களுக்குத் தெம்பு சொல்ல, நடந்ததை அந்த மலையிலேயே ஒரு கல்லில் பொறித்தும் வைத்தார்.

அவர் தேடிப் போன கல் டர்க்காய்ஸ். வடக்கே ஃபிரோசா என்பார்கள். நவரத்தினத்தில் வரும் நீலம் வேறு, இது வேறு. வானத்தின் வெளிர்நீலத்துக்கும் ஆழமில்லாத கடலின் பச்சைக்கும் நடுவே நிற்கும் நிறம் இதற்கு. ஒளி உள்ளே புகாது. வைரத்தைப் போல மின்னவும் மின்னாது.

ஹோருர்ரேவின் கவலை இன்றைக்கும் தீரவில்லை. கல் கிடைக்கும், நல்ல நிறம் கிடைப்பதுதான் அரிது. அந்தக் குறையை ஈடுகட்ட மனிதர்கள் ஐயாயிரம் ஆண்டுகளாக மாற்றுக் கல் செய்து வருகிறார்கள், சாயம் ஏற்றுகிறார்கள், மெழுகு ஊட்டுகிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. வாங்குகிறவரிடம் அதைச் சொல்லாமல் விற்பதுதான் குறை. இந்தியாவின் நகைக்கடைகளில் இன்று அந்தக் குறை தாராளமாக நடக்கிறது. அதைக் கேள்வி கேட்கும் பழக்கம் வாங்குகிறவர்களுக்கும் இல்லை.

இந்தக் கல்லைப் புரிந்துகொள்ள அது பிறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். வறண்ட நாட்டில் எப்போதாவது பெய்யும் மழை, செம்புத்தாது உள்ள பாறைக்குள் கசிந்து இறங்குகிறது. போகிற வழியில் செம்பும் அலுமினியமும் பாஸ்பரஸும் அந்த நீரில் கரைந்து சேர்கின்றன. பாறையின் விரிசல்களிலும் பொந்துகளிலும் அந்தக் கரைசல் தங்கி, மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுக் கல்லாகிறது. நீலம் செம்பு தருவது. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு புகுந்தால் பச்சை ஏறிவிடும். சுற்றியிருந்த பாறையின் இழைகள் கல்லுக்குள் மாட்டிக்கொண்டால் பழுப்பும் கறுப்புமாகக் கோடு ஓடும். சில கற்களில் அது சிலந்திவலை பின்னியதுபோல் அமைந்துவிடும். அந்த வலைக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கம் 9. டர்க்காய்ஸ் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது. காற்றில் பறக்கும் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளே இதைக் கீறிவிடும். அதனால் பட்டை தீட்டுவதில்லை. குமிழ்போல் வழவழப்பாகத் தேய்த்துப் பதிப்பார்கள். கல்லில் நுண்துளைகள் ஏராளம். வியர்வை, எண்ணெய், செண்ட் எதுவானாலும் குடித்துவிடும். வருடக்கணக்கில் அணிந்த மோதிரக் கல் மெல்லப் பச்சைக்கு மாறுவது இதனால்தான். அடுப்பனலும் கடும் வெயிலும் பட்டால் உள்ளிருக்கும் நீர் குறைந்து வெளுக்கும். ரத்தின வியாபாரிக்கு இதெல்லாம் குறை. அணிகிறவருக்கு இதுவே கவர்ச்சி. பாட்டியின் வைரம் பேத்தியின் காதில் அதே வைரமாகத்தான் இருக்கும். பாட்டியின் டர்க்காய்ஸில் பாட்டி அணிந்த காலமும் நிறமாகத் தங்கியிருக்கும்.

1901-இல் அபிடோஸில், எகிப்தின் முதல் அரச மரபைச் சேர்ந்த ஜெர் மன்னரின் கல்லறையில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் ஆட்கள் துணி சுற்றிய ஒரு கையைக் கண்டெடுத்தார்கள். பழைய திருடர் யாரோ சுவர்ப் பொந்தில் செருகிவிட்டுப் போயிருந்த கை அது. துணிக்குள் நான்கு கைவளைகள் இருந்தன. ஒன்றில் பருந்து அமர்ந்த பொன் தகடும் டர்க்காய்ஸ் தகடும் மாறி மாறிக் கோக்கப்பட்டிருந்தன. ஐயாயிரம் ஆண்டுப் பழைய நகை. இன்று ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் விலை கேட்க ஆள் வரும்.

அதே எகிப்தியர்கள் மாற்றுக் கல்லையும் செய்தார்கள். குவார்ட்ஸ் மணலை அரைத்து, சுண்ணாம்பும் காரமும் செம்பும் சேர்த்துப் பிசைந்து சூளையில் சுட்டால் பளபளக்கும் நீலப் பூச்சு தானே மேலே வரும். இன்று ஃபயான்ஸ் என்று வழங்கும் இந்தப் பொருளுக்கு அவர்கள் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். மின்னுவது என்று அதற்குப் பொருள். மன்னரின் கல்லறையிலும் அது இருந்தது, எளியவர் கழுத்திலும் இருந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘வில்லியம்’ என்ற செல்லப்பெயரோடு நிற்கும் நீல நீர்யானை பொம்மை ஃபயான்ஸ்தான். மாற்றுப் பொருளுக்கும் மதிப்பு உண்டு, அதன் சொந்தப் பெயரில் இருக்கும்வரை.

செராபித் எல்-காதிமில் இன்னொன்றும் நடந்தது. நகைப் பேச்சுக்கு நடுவே அதைச் சொல்லாமல் போக மனம் வராது. 1905-இல் பெட்ரி அங்கே ஆய்வு செய்தபோது, எகிப்தியச் சித்திர எழுத்தைப் போலத் தெரிந்தும் அதுவாக இல்லாத சில கீறல்களைக் கண்டார். சுரங்க வேலைக்கு வந்த கானான் நாட்டவர் எழுதியவை அவை. 1916-இல் எகிப்தியல் அறிஞர் ஆலன் கார்டினர் அதில் ஒரு சொல்லைப் படித்துவிட்டார். ‘பாலத்’, அதாவது தலைவி. படிக்க உதவியது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சிறிய ஸ்பிங்ஸ் சிலை. அதில் ஒருபுறம் புதிய எழுத்து, இன்னொரு இடத்தில் எகிப்திய எழுத்தில் ‘டர்க்காய்ஸின் தலைவி’ ஹத்தோரின் பெயர். மாட்டுத் தலையை வரைந்து அதன் பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்த முறையிலிருந்துதான் ஃபினீசிய எழுத்தும், அதிலிருந்து கிரேக்க, ரோமானிய எழுத்துகளும் கிளைத்தன என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆங்கிலத்தின் ‘ஏ’ எழுத்தைத் தலைகீழாகப் பிடித்தால் கொம்புள்ள மாட்டுத் தலை இன்றும் தெரியும்.

கல்லின் பெயருக்கு வருவோம். நல்ல நிறத்துக்கு உலகமே உரைகல்லாக வைத்தது ஈரானின் நிஷாப்பூர் கல்லைத்தான். கோடும் புள்ளியும் இல்லாத முழு வான நீலம் அது. பாரசீகத்தில் அதற்கு ஃபிரூஸே என்று பெயர். வெற்றியைக் குறிக்கும் சொல்லோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். நம் கோல்கொண்டா வைரங்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வணிகர் தவேர்னியே பாரசீகத்துக்கும் போனார். பழைய பாறைக் கல், புதிய பாறைக் கல் என்று அங்கே இரண்டு தரம் இருந்ததையும், பழைய பாறையை மன்னர் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டதையும் 17-ஆம் நூற்றாண்டில் பதிவு செய்தார். ஐரோப்பாவுக்கு இந்தக் கல் துருக்கி வழியாகப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் ‘துருக்கிக் கல்’ என்றார்கள். வியாபாரி வந்த வழி கல்லுக்குப் பெயராகிவிட்டது.

ஐரோப்பாவிலும் மாற்று முளைத்தது. பிரான்ஸின் தென்மேற்கில் மண்ணுக்குள் கிடந்த மாஸ்டோடான் என்னும் பழங்கால யானையினத்தின் தந்தங்களைச் சூடேற்றினால் அவை நீலமாக மாறின. இடைக்காலத் தேவாலயப் பொருள்கள் சிலவற்றில் டர்க்காய்ஸ் என்று பதிக்கப்பட்டிருப்பது இந்தத் தந்தம்தான். 1715-இல் ரியோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதை விரிவாக எழுதினார். நிறத்துக்குக் காரணம் செம்பு இல்லை, தந்தத்தில் இருந்த மாங்கனீஸ் என்பதை அண்மைக்கால ஆய்வுக்கூடங்கள்தான் காட்டின.

ஆடம்பரமும் குறையவில்லை. 1840-இல் விக்டோரியா மகாராணி தம் திருமணத்தில் உடைதாங்கி வந்த 12 தோழியருக்கும் டர்க்காய்ஸ் பதித்த கழுகு வடிவ ஊசிப்பதக்கம் கொடுத்தார். வடிவமைத்தவர் மணமகன் ஆல்பர்ட். ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், மறைந்த மனைவி தந்த டர்க்காய்ஸ் மோதிரத்தை மகள் ஒரு குரங்குக்கு மாற்றிவிட்டாள் என்று கேட்டு ஷைலாக் துடிக்கும் இடம் உண்டு. வட்டிக் கணக்கே வாழ்க்கையாக இருந்த ஒருவன், கணக்கில் அடங்காத ஒரு பொருளுக்காகத் துடிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் அவன் மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறது.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒரு கிரீடம் இருக்கிறது. 1810-இல் நெப்போலியன் தம் இரண்டாம் மனைவி மரி லூயிஸுக்குத் தந்தது. முதலில் அதில் இருந்தவை 79 மரகதங்கள். 1950-களில் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் நிறுவனம் அதை வாங்கி, மரகதங்களைப் பிரித்துத் தனித்தனி நகைகளாக விற்றது. காலியான 79 இடங்களிலும் பாரசீக டர்க்காய்ஸ் வைத்தது. 1971-இல் மர்ஜரி மெரிவெதர் போஸ்ட் என்ற செல்வச் சீமாட்டி அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்களுக்கு நடுவே அந்த நீலம் குளிர்ச்சியாக அமர்ந்திருக்கிறது. பார்க்க வரும் எல்லோருக்கும், இவை முதலில் இருந்த கற்கள் இல்லை, மாற்றி வைத்தவை என்று அருங்காட்சியகம் ஒளிக்காமல் சொல்கிறது. அதனால் கிரீடத்தின் மதிப்பு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இந்தக் கல்லுக்குத் தனிச் சரித்திரம். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களின் நஹுவாட்ல் மொழியில் டர்க்காய்ஸைக் குறிக்கும் சொல்லே ஆண்டையும் குறித்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள இரட்டைத் தலைப் பாம்பு, மரத்தில் செதுக்கி ஏறத்தாழ 2,000 டர்க்காய்ஸ் சில்லுகளை ஒட்டிச் செய்தது. அகலம் 43 சென்டிமீட்டர்தான். பார்ப்பவருக்குப் பாம்பு நெளிவதுபோல் இருக்கும். இத்தனை கல்லும் வடக்கே, இன்றைய அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து வணிகமாக வந்தது என்றுதான் நூறாண்டுக்கும் மேலாக நம்பினார்கள். 2018-இல் வெளியான ஆய்வு, ஆஸ்டெக், மிக்ஸ்டெக் கற்கள் சிலவற்றில் இருந்த ஈயம், ஸ்ட்ரான்டியம் ஐசோடோப்புகளை அளந்து, அவை மெக்சிகோ வட்டாரத்திலேயே பிறந்தவை என்று காட்டியது. மனிதர் மறந்த பிறந்த ஊரைக் கல் தன்னுள் வைத்திருந்தது.

நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் பூவெப்லோ போனிட்டோ என்னும் பெருங்கட்டடம். அதன் 33-ஆம் அறையில் ஆயிரக்கணக்கான டர்க்காய்ஸ் மணிகளோடு புதைக்கப்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்து 2017-இல் ஒரு முடிவு வந்தது. சோதித்த ஒன்பது பேரும் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவர்கள். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குடும்பத்தின் பெருமை தாய்வழியில் இறங்கியிருக்கிறது. நம் லடாக்கிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. படமெடுத்த நாகம்போல் நெற்றியிலிருந்து முதுகுவரை இறங்கும் பெராக் என்னும் தலையணியில் வரிசை வரிசையாக டர்க்காய்ஸ் தைத்திருக்கும். அது தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும். எத்தனை வரிசை என்பதில் குடும்பத்தின் அந்தஸ்து தெரியும்.

அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் கதை நம் ஊர்க் குடும்பங்களுக்குச் சட்டென்று விளங்கும். 1864-இல் அமெரிக்கப் படை அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து ஒரு முகாமில் அடைத்தது. 1868-இல் உடன்படிக்கை எழுதித் திரும்பினார்கள். அட்சிடி சானி என்னும் நவாஹோ கொல்லர் மெக்சிகோக்காரரிடம் உலோக வேலை கற்றுத் தம் மக்களுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். 1880-ஐ ஒட்டி வெள்ளியில் டர்க்காய்ஸ் பதிக்கும் வேலை தொடங்கியது. அந்த நகை அலங்காரம் மட்டும் இல்லை, அவர்களுடைய வங்கியும் அதுதான். கையில் காசில்லாத மாதங்களில் வணிகச் சாவடியில் மாலையை அடகு வைத்து மாவும் சர்க்கரையும் வாங்குவார்கள். கம்பளி வெட்டி விற்றதும் மீட்பார்கள். திருவிழா வந்தால் அணிந்துகொள்ள ஒருநாள் இரவல் கொடுக்கும் சாவடிக்காரரும் இருந்தார். மீட்க முடியாமல் போன நகையை ஆங்கிலத்தில் ‘செத்த அடகு’ என்றார்கள். நாம் ‘நகை மூழ்கிவிட்டது’ என்கிறோம். இரண்டு சொல்லிலும் ஒரே வலி.

இந்த நகைக்குச் சுற்றுலாப் பயணிகளிடம் கிராக்கி ஏறியதும் போலி குவிந்தது. இயந்திரத்தில் அடித்து, பழங்குடியினர் கைவேலை என்று விற்றார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் ஒரு சட்டம் இயற்றியது. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்றால், முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும். 2015-இல் பிலிப்பைன்ஸிலிருந்து கொண்டுவந்த நகைகளை நவாஹோ, ஸூனி வேலை என்று விற்ற கும்பல் மீது பெரிய சோதனையே நடந்தது. சட்டத்தால் போலி அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்ட கைவினைஞருக்கும் வாங்கியவருக்கும் போய் நிற்க ஓர் இடம் கிடைத்தது.

இப்போது சந்தைக்கு வருவோம். நிஷாப்பூரில் இன்றும் வெட்டுகிறார்கள், ஆனால் நல்ல கல் சொற்பம். கோடில்லாத நீலத்துக்குப் பெயர்போன அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012-இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டது. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து ஏராளமாக வருகிறது. எங்கிருந்து வந்தாலும், வெட்டியபடியே நகையில் ஏறும் அளவுக்குக் கெட்டியும் நிறமும் உள்ள கல் மிகச் சிறு பகுதிதான். மீதியைத் தேற்றுகிறார்கள். சுண்ணாம்புக் கட்டிபோல் மிருதுவான கல்லுக்குள் பிசின் ஏற்றிக் கெட்டியாக்குவது ஒரு முறை. வியாபாரத்தில் ‘ஸ்டெபிலைஸ்டு’ என்பார்கள். தூளைப் பிசினோடு அழுத்திக் கட்டியாக்கி வெட்டுவது இன்னொன்று. ஹௌலைட், மேக்னசைட் என்னும் மலிவான வெள்ளைக் கற்களுக்கு நீலச் சாயம் ஏற்றுவது அடுத்தது. அவற்றில் இயல்பாகவே சாம்பல் கோடுகள் இருப்பதால் அசல்போலவே தெரியும். கடைசியில் வெறும் பிளாஸ்டிக்.

பிசின் ஏற்றிய கல்லைப் பழிக்க வேண்டியதில்லை. அது டர்க்காய்ஸ்தான். தினமும் அணிய இயற்கைக் கல்லைவிடத் தோதாகவும் இருக்கும். விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சாயமேற்றிய ஹௌலைட் மணிமாலையும் கல்லூரிப் பெண்ணின் கழுத்தில் அழகாகத்தான் இருக்கும், ஹௌலைட் என்று சொல்லி விற்றால். நான்கையும் ‘ஒரிஜினல் ஃபிரோசா’ என்ற ஒரே பெயரில் விற்பதுதான் அநியாயம். கண்ணால் பார்த்துப் பிரிக்க அனுபவசாலிகளாலும் பல நேரம் முடிவதில்லை. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் அகச்சிவப்புக் கதிரில் வைத்தால் பிசின் இருப்பது தெரிந்துவிடும்.

இந்த அநியாயத்துக்கு அச்சமும் துணை போகிறது. நவரத்தினப் பட்டியலில் இடமில்லாத இந்தக் கல்லை உபரத்தினம் என்று சொல்லி, குருவுக்கு இது, கண்ணேறுக்கு இது என்று பரிகாரமாக விற்கிறார்கள். இந்தி நடிகர் சல்மான் கான் கையில் அணியும் வெள்ளிக் காப்பில் இருப்பது இதுதான் என்று தெரிந்த பிறகு, அதே மாதிரிக் காப்பு தெருக்கடைகளில்கூடத் தொங்குகிறது. கல் விரிசல் விட்டால் உங்களுக்கு வந்த ஆபத்தை அது வாங்கிக்கொண்டது என்று ஆறுதல் சொல்லி அடுத்த கல்லை விற்கிறார்கள். பழைய கதைதான். 1609-இல் ரத்தினங்கள் பற்றி நூல் எழுதிய மருத்துவர் டி பூட், தாம் குதிரையோடு பள்ளத்தில் விழுந்தும் பிழைத்ததையும், மறுநாள் பார்த்தால் மோதிரத்தின் டர்க்காய்ஸ் உடைந்திருந்ததையும் எழுதியிருக்கிறார். குதிரையோடு விழுந்தால் 5, 6 கடினமுள்ள கல் உடையத்தான் செய்யும். நம்பிக்கையோடு அணிகிறவரின் மனதைப் புண்படுத்தத் தேவையில்லை. ஆனால் நம்பிக்கையோடு வருகிறவருக்குச் சாயக் கல்லைக் கொடுப்பது இரட்டைத் துரோகம்.

இந்தியாவில் தங்கத்துக்கு வழி செய்துவிட்டோம். 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. ஆனால் அந்த முத்திரை உலோகத்தின் தரத்துக்கு மட்டும்தான் சாட்சி. அதே மோதிரத்தில் பதித்த கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்கள் கல் எடையைக் கழித்தாயா என்று கடைக்காரரை மில்லிகிராம் வரை மடக்குவார்கள். அது என்ன கல், அதற்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. பில்லில் பெரும்பாலும் ‘ஸ்டோன்’ என்ற ஒரு சொல்லும் ஒரு தொகையும்தான் இருக்கும்.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொருளின் தரத்தையும் சேர்மானத்தையும் தவறாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அமெரிக்காவில் நகை வணிகத்துக்கான அரசு வழிகாட்டுதல்கள், கல்லின் மதிப்பைக் கணிசமாக மாற்றும் பக்குவம் எதுவானாலும் வாங்குகிறவரிடம் தெரிவிக்கச் சொல்கின்றன. இங்கேயும் கல்லின் பெயர், இயற்கையா, பிசின் ஏற்றியதா, சாயமா, செயற்கையா என்று பில்லில் ஒரு வரி கட்டாயமாக வேண்டும். நல்ல கல்லை நேர்மையாக விற்கும் வியாபாரிக்கு இதனால் லாபமே தவிர நட்டமில்லை. இன்று அவர் சாயக்கல் விற்பவரோடு ஒரே விலைப் போட்டியில் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறார்?

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை கடையில் அந்த நீலம் கண்ணில் பட்டு, மனதுக்குப் பிடித்துப்போனால் வாங்குங்கள். குளிக்கும்போதும் செண்ட் அடிக்கும்போதும் கழற்றி வையுங்கள், மென்மையான துணியால் துடையுங்கள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், இது என்ன கல் என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.